பேட்மேன் பிடிக்காத கொலைகாரன்

விடுமுறைக்கு அறந்தாங்கி வந்திருந்த என் பேரன், கல்லூரியில் படிப்பவன், போன வாரம் மடிக்கணினியில் ஒரு கார்ட்டூன் படம் போட்டுக் காட்டினான். ‘பேட்மேன்: காத்தம் பை கேஸ்லைட்’. 2018-இல் வந்ததாம். விக்டோரியா மகாராணி காலம். மூடுபனி, எரிவாயு விளக்கு, குதிரை வண்டி. ஜாக் தி ரிப்பர் பெண்களைக் கொல்கிறான். வௌவால் முகமூடி போட்ட பணக்காரர் அவனைத் தேடுகிறார். கொலைகாரன் யார் என்று சொல்லிக் கெடுக்க மாட்டேன். விறுவிறுப்பான படம்தான்.

முடிந்ததும், “அந்தக் காலத்துல நம்ம பக்கம் இப்படிக் கொலை நடந்துச்சா தாத்தா?” என்றான்.

“நடந்தது. லட்சக்கணக்கில்” என்றேன். சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. லண்டனில் ரிப்பர் 1888-இல் கொன்றதாகச் சொல்லப்படுவது ஐந்து பெண்களை. அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம். செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான கணக்கு. சென்னை மாகாணம் பட்டினி கிடந்தபோதுதான், 1877 ஜனவரி முதல் தேதி, டில்லியில் லிட்டன் பிரபு தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார். செலவைக் குறைக்க அவர் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அளவாக வைத்துக் கூலி நிர்ணயித்தார். அரைக் கிலோகூட இல்லை. கத்தி இல்லை, இருட்டுச் சந்து இல்லை. ஒரு உத்தரவு, ஒரு கையெழுத்து.

எதிர்த்தவரும் முகமூடிக்காரர் இல்லை. மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். இந்தச் சோற்றில் உழைக்கிற உடம்பு நிற்காது என்று புள்ளிவிவரத்தோடு எழுதினார். பிறகு கூலியைக் கூட்டினார்கள். அவரை வைத்து யார் படம் எடுக்கிறார்கள்?

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சில். பதினாறாம் லூயியின் தலை போன தேதி மனப்பாடம். தாது வருஷத்தை அப்பாயி சொல்லித்தான் அறிந்தேன்.

“கார்ட்டூனுக்குப் போய் இவ்வளவு கோபமா?” என்பீர்கள். கொலைகாரன் என்றால் இருட்டில் வரும் பைத்தியக்காரன், நீதி என்றால் பணக்காரனின் முகமூடி என்று இந்தக் கதைகள் பழக்கிவிடுகின்றன. அப்படிப் பழகிய கண்ணுக்கு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் தெரியமாட்டான்.

அந்த மேஜையில் நானும் உட்கார்ந்தவன். முதியோர் உதவித்தொகை கேட்ட ஒரு கிழவியின் மனுவை, வயதுச் சான்று இல்லை என்று இரண்டு முறை திருப்பினேன். விதிப்படி சரிதான். மூன்றாவது முறை மனு வரவில்லை. விசாரித்தேன். கிழவி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பேரனிடம் இதையும் சொன்னேன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.