தராசுக்கு முத்திரை, பிரேக் மெஷினுக்குப் பொட்டு

கறிக்கடைத் தராசில் முத்திரை இல்லையென்றால் சண்டைக்குப் போகிறோம். ஊர் ஜனம் ஏறும் பஸ்ஸின் பிரேக்கை அளக்கும் மெஷினைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆயுத பூஜைக்கு அதற்கு ஒரு சந்தனப் பொட்டு. அத்தோடு சரி.

பட்டறையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ரோலர் மெஷின் ஒன்றும் மந்திரப் பெட்டி அல்ல. மோட்டார் ரோலரைச் சுற்ற, ரோலர் சக்கரத்தைச் சுற்றும். பிரேக்கை மிதித்ததும் சக்கரம் ரோலரைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அந்த எதிர்விசை லோடு செல்லில் விழுந்து, திரையில் எண்ணாக வரும். குழியில் மழைத்தண்ணீர் தேங்கி வயரில் ஈரம் ஏறினாலும், மோட்டாரைத் தாங்கும் பேரிங் இறுகினாலும் எண் மாறிவிடும். ரோலரின் சொரசொரப்பு தேய்ந்தால் டயர் வழுக்கி, நல்ல பிரேக்கும் குறைவாகத் தெரியும்.

நான் வேலை பார்த்த இடத்தில் நடந்தது இது. பஸ்ஸின் இடப்பக்கம் பிரேக் குறைவு என்று திரை காட்டியது. பையன் வலது பக்கத்தைத் தளர்த்தி இரண்டையும் சமமாக்கினான். வண்டியை வெளியே எடுத்துப் பிரேக் போட்டால் இடப்பக்கம் இழுக்கிறது. பிறகுதான் சந்தேகப்பட்டோம். எங்கள் மெஷினின் ரோலர் 200 மி.மீ. குறுக்களவு. மோட்டாரோடு 1 மீட்டர் கம்பியைப் பொருத்தி, பூஜ்யம் வைத்து, முனையில் 10 கிலோ கல்லைத் தொங்கவிட்டால் திரை 100 கிலோ காட்ட வேண்டும். வலது 100 காட்டியது. இடது 85! நோய் மெஷினுக்கு, அறுவை சிகிச்சை பஸ்ஸுக்கு.

"ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கே" என்றார் முதலாளி. ஒப்பந்தம் பீரோவில் இருந்தது, தண்ணீர் குழியில் இருந்தது.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்பார்கள். சொல்லாதுதான். தப்பாக அளந்ததை அப்படியே அச்சடித்துக் கொடுக்கும். மெஷினே இல்லாத காலத்தில் மெக்கானிக் ரோட்டில் ஓட்டிப் பார்த்தான், காலடியில் உணர்ந்தான். இப்போது காகிதத்தை நம்பி அதையும் விட்டுவிட்டான். அதனால்தான் சொல்கிறேன், கெட்ட மெஷின் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல்.

எட்டு வருஷம் தாண்டிய பஸ்ஸுக்கு வருஷா வருஷம் எஃப்.சி. கேட்கிறோம். அந்த பஸ்ஸை அளக்கும் மெஷினுக்குக் கடைசியாகக் கல் தொங்கவிட்டது எந்தத் தேதி? அதைச் சுவரில் எழுதி வையுங்கள். தேதி எழுதாத மெஷினை நிறுத்தும் அதிகாரத்தை மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஒருநாள் வருமானம் போகும். போகட்டும், ஐயா.