பிங்-குவோ

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு சீனாவில் இளவட்டங்கள் ஒருவருக்கொருவர் ஆப்பிள் கொடுத்துக்கொள்கிறார்கள். கூடையிலிருந்து எடுத்து அப்படியே நீட்டுவதில்லை. ஒவ்வொரு பழத்தையும் பளபளக்கும் தாளில் சுற்றி, நாடா கட்டி, அழகான அட்டைப்பெட்டிக்குள் உட்காரவைத்துக் கொடுக்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பழத்துக்கு மற்ற நாளைப்போல் பல மடங்கு விலை. பைபிளில் இதற்கு ஆதாரம் தேடினால் கிடைக்காது. ஆதாம் ஏவாளை நினைத்துக்கொண்டால் குழப்பம் இன்னும் அதிகமாகும்.

விஷயம் முழுக்க மொழியில் இருக்கிறது. டிசம்பர் 24 இரவுக்குச் சீனத்தில் 'பிங்-ஆன்-யே' என்று பெயர். அமைதியும் நலமும் உள்ள இரவு என்று பொருள். 'சைலண்ட் நைட்' பாட்டுக்கும் அங்கே அதே பெயர்தான். ஆப்பிளுக்கு 'பிங்-குவோ' என்பார்கள். இரண்டும் 'பிங்' என்று தொடங்குகின்றன. காரணம் அவ்வளவுதான். ஆப்பிள் அன்று இரவு மட்டும் 'பிங்-ஆன்-குவோ' ஆகிவிடுகிறது, அதாவது நலம் தரும் பழம். அதைச் சாப்பிட்டால் வருகிற ஆண்டு சுகமாகக் கழியும் என்று வைத்துக்கொண்டார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சீனர்களின் மற்ற வழக்கங்களையும் பார்க்க வேண்டும். அங்கே யாருக்கும் கடிகாரம் பரிசளிக்கக் கூடாது. 'கடிகாரம் கொடுப்பது' என்று சொன்னால் 'கடைசிக் காரியம் செய்வது' என்று காதில் விழும். பேரிக்காயை இரண்டாக வெட்டிப் பங்கு போட்டுக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சொல்லில் பிரிவு இருக்கிறது. புத்தாண்டு விருந்தில் மீன் கட்டாயம் உண்டு, ஏனென்றால் மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே ஓசை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ஷாங்காய்ப் பேச்சுவழக்கில் ஆப்பிள் என்ற சொல் நோயில் இறந்துபோவதை நினைவூட்டுமாம். அதனால் அந்த ஊரில் ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போகிறவர் ஆப்பிளை எடுத்துப் போகத் தயங்குவார். பழம் ஒன்றுதான். நாக்கு மாறினால் பலனும் மாறிவிடுகிறது.

நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. புறப்படும்போது 'போகிறேன்' என்று சொன்னால் என் அம்மா வாசலிலேயே நிறுத்தி, 'வரேன்னு சொல்லு' என்பார். விளக்கை 'அணை' என்று சொல்ல விடமாட்டார், 'குளிர வை' என்றுதான் சொல்ல வேண்டும். இப்படி வளர்ந்த நாம் சீனர்களின் ஆப்பிளைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

எனக்கு ஆப்பிளைவிட ஆச்சரியமாக இருப்பது வேறு ஒன்று. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். பிரெஞ்சுக்காரர்களுக்கு நொயேல் என்பது வீட்டோடு இருக்கும் நாள்; தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். டிசம்பர் 31 இரவு, அவர்கள் சேன் சில்வெஸ்த்ர் என்று சொல்வது, நண்பர்களோடு கூத்தடிக்கும் நாள். சீனாவில் இது அப்படியே தலைகீழ். அங்கே கிறிஸ்துமஸ் காதலர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் உரியது. கடைத்தெருவில் சுற்றுவது, சினிமா, ஓட்டலில் சாப்பாடு. வீட்டுப் பெரியவர்களுக்கு அதில் வேலையே இல்லை. பெரும்பாலான ஊர்களில் டிசம்பர் 25 விடுமுறைகூடக் கிடையாது. ஹாங்காங், மக்காவ் இரண்டும்தான் விலக்கு.

ஏன் இப்படி ஆயிற்று என்றால், குடும்பத்துக்கான இடம் அங்கே ஏற்கெனவே நிரம்பியிருந்தது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் சீனப் புத்தாண்டுக்குக் கோடிக்கணக்கானவர்கள் ரயில் பிடித்துச் சொந்த ஊர் போகிறார்கள். அந்த நாளை அசைக்க யாராலும் முடியாது. கூட்டமான பஸ்ஸில் ஏறுகிறவனுக்குக் காலியாக உள்ள இடம்தானே கிடைக்கும்? பெரியவர்கள் கண்காணிப்பு இல்லாத ஒரு சாயங்காலம் இளைஞர்களுக்குத் தேவைப்பட்டது. கிறிஸ்துமஸ் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கடைத்தெரு அலங்காரத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா பல இடங்களில் சாக்ஸபோன் ஊதிக்கொண்டு நிற்பார். பனிப்பிரதேசத்துக் கிழவருக்கு சாக்ஸபோன் எதற்கு என்று கேட்கக் கூடாது. அது 1846-இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற வாத்தியம் என்பதால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆட்சேபிக்கிறவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. கிறிஸ்து இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ் என்பது ஒரு பக்கம். இது நியாயமான கேள்வி. சீனாவில் கோடிக்கணக்கான கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது பூசைக்குப் போகும் இரவு. பெய்ஜிங்கின் வாங்ஃபுஜிங் தெருக் கோயிலில் அன்றைக்கு வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தால் பக்தர்களுக்குச் சங்கடம் வருவதும் உண்மைதான். ஆனால் 'எங்கள் மாதிரி செய்தால்தான் அது பண்டிகை' என்று பேச்சு நீளும்போது எனக்கு நம் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வந்துவிடுகிறது.

1703 நவம்பரில் போப்பாண்டவரின் தூதராக தூர்னோன் என்ற இத்தாலியர் நம் புதுச்சேரியில் வந்து இறங்கினார். சுமார் எட்டு மாதம் தங்கினார். 1704 ஜூனில் ஒரு கட்டளை போட்டார். கிறிஸ்தவர்களான தமிழர்கள் பிள்ளையார் உருவம் உள்ள தாலி கட்டக் கூடாது, திருநீறு பூசக் கூடாது என்று அதில் பட்டியல் நீளும். சேசு சபைச் சாமியார்கள் இந்த வழக்கங்களில் பலவற்றைக் கண்டும் காணாமலும் விட்டிருந்தார்கள், அதுதான் வழக்கு. கட்டளையைக் கையில் கொடுத்துவிட்டு அவர் கப்பலேறிய இடம் எது தெரியுமா? சீனா. 1707-இல் நான்ஜிங்கில் இருந்துகொண்டு, சீனக் கிறிஸ்தவர்கள் முன்னோருக்குச் சடங்கு செய்யக் கூடாது என்று அங்கேயும் ஓர் ஆணை. காங்ஷி பேரரசருக்குக் கோபம் வந்துவிட்டது. கிறிஸ்தவ வழிபாட்டுக்கு 1692-இல் அனுமதி கொடுத்தவரே அவர்தான். தூதரை மக்காவுக்கு அனுப்பிவிட்டார். அங்கே போர்த்துகீசியர்கள் காவலில் வைத்தார்கள், 1710-இல் அங்கேயே அவர் உயிர் போயிற்று. 1721-இல் பேரரசர், இந்த மதப் பிரசாரமே இனி வேண்டாம் என்று எழுதிவிட்டார். முன்னோர் சடங்குகளில் பெரும்பாலானவை குற்றமில்லை என்று ரோமாபுரி ஒப்புக்கொள்ள 1939 வரை ஆயிற்று. மிசியோன் வீதியில் சம்பா கோயிலைக் கடந்து நடக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னொரு பக்கத்து ஆட்சேபணை அரசாங்கத்திடமிருந்து வருகிறது. அந்நியப் பண்டிகை எதற்கு, நம் பண்பாடு இல்லையா என்ற பேச்சு சில ஆண்டுகளாக அங்கே பலத்துவிட்டது. 2018 டிசம்பரில் பெய்ஜிங்குக்குப் பக்கத்தில் உள்ள லாங்ஃபாங் நகர நிர்வாகம், தெருக்களிலும் கடைகளிலும் கிறிஸ்துமஸ் அலங்காரம் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. சொன்ன காரணம் மதமும் இல்லை, பண்பாடும் இல்லை. 'நாகரிக நகரம்' விருதுக்கு ஊர் தயாராகிறதாம்! ஆயுள் முழுக்கக் கோப்பு புரட்டியவன் என்பதால் இந்த நடை எனக்கு நன்றாகப் பழக்கம். இதே நாட்டின் யீவு நகரத்தில்தான் உலகம் முழுவதற்கும் கிறிஸ்துமஸ் மரமும் தோரணமும் மலைபோல் தயாராகிக் கப்பலேறுகின்றன. அதற்குச் சுற்றறிக்கை கிடையாது.

முன்னவர் 'நீ போதுமான அளவு ரோமன் இல்லை' என்றார். பின்னவர்கள் 'நீ போதுமான அளவு சீனன் இல்லை' என்கிறார்கள். ஒரு பெண் தன் தோழிக்கு, நீ நலமாக இரு என்று சொல்லிப் பழம் கொடுக்கிறாள். அந்த வாழ்த்து முழுக்கச் சீன மொழியில் பிறந்தது, மொழிபெயர்த்தால் செத்துப்போகும். இதைவிடச் சீனமாக ஒரு கிறிஸ்துமஸை யார் செய்துவிட முடியும்? வியாபாரி இதில் காசு பார்க்கிறான் என்பது சரிதான். எந்தப் பண்டிகையில் பார்க்கவில்லை?

சுற்றறிக்கை போட்ட அதிகாரிகளை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட வருகிறது. மரத்தைப் பறிமுதல் செய்யலாம், தாத்தா பொம்மையைக் கழற்றிவிடலாம். பழக்கடைத் தட்டில் இருக்கும் ஆப்பிளில் எது பிங்-குவோ, எது பிங்-ஆன்-குவோ என்று ஆய்வுக்குப் போகிற அந்த எழுத்தர் எப்படிக் குறிப்பெழுதுவார்?