உபாத்தியாயர் வேலையும் யந்திரமும்

செப்டம்பர் 5-ந் தேதி வந்துவிட்டால் தேசமெங்கும் ஆசிரியர் தினம் என்று சொல்லி மாலை போடுவதும், பொன்னாடை போர்த்துவதும், பிரசங்கங்கள் செய்வதுமாக ஒரே தடபுடலாயிருக்கிறது. ஆனால் நமது ஜில்லாக்காரர்களுக்கு அந்தத் தேதியில் வேறொரு ஞாபகமும் உண்டு. 2012-ம் வருஷம் அதே செப்டம்பர் 5-ந் தேதியன்றுதான் சிவகாசிக்கு அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து, முப்பதுக்கு மேற்பட்டவர்கள் கருகி மாண்டார்கள். இந்த இரண்டு விஷயத்திற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்துக் கிராமங்களை அறியாதவர்கள் என்றே சொல்லுவோம். இங்கு ஒரு பிள்ளை மருந்து அறைக்குக் கூலிக்குப் போவதா, அல்லது பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கப் போவதா என்பதுதான் எத்தனையோ குடும்பங்களில் இரண்டு தலைமுறையாக நடந்து வரும் போராட்டமாகும்.

அந்தப் பள்ளிக்கூடப் பாதைக்கு இப்பொழுது ஆபத்து வந்திருக்கிறது. நாம் கூட்டங்களுக்காகப் போகும் ஊர்களில் எல்லாம் தாய் தகப்பன்மார் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "போர்டே படம் காட்டிப் பாடம் நடத்துகிறது, செல்போனைத் தட்டினால் எந்தக் கணக்குக்கும் விடை வருகிறது, இனிமேல் வாத்தியாருக்கு எங்கே வேலை? எங்கள் மகளை டீச்சருக்குப் படிக்க வைத்துப் பணத்தைப் பாழாக்குவானேன்?" என்கிறார்கள். இவர்களைக் குற்றம் சொல்ல நாம் தயாராயில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒரு இடம் கிடைப்பதே பெரும் பாக்கியமாகக் கருதப்பட்ட காலம் போய், 2000-ம் வருஷத்திற்குப் பிறகு தனியார் பயிற்சிப் பள்ளிகள் காளான் போல் முளைத்து, சர்ட்டிபிகேட்டுகளை அள்ளி வழங்கி, வேலை இல்லை என்று ஆனவுடன் அநேகம் கதவைச் சாத்திக் கொண்டதை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். வேலையில் இருப்பவர்களுக்கும் நிம்மதியில்லை. ஓய்வு பெற ஐந்து வருஷத்திற்கு மேல் பாக்கியுள்ளவர்கள் இரண்டு வருஷத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி, இருபது வருஷம் பாடம் நடத்தினவர்களையும் பரீட்சைக்குப் படிக்க வைத்தது.

ஆகவே கேள்வி நியாயமானதே. பதிலைத்தான் சற்றுப் பகுத்தறிவைக் கொண்டு தேட வேண்டும்.

முதலாவதாக ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் யந்திரத்திற்கு விரோதிகள் அல்ல. பெரியார் அவர்கள் "இனி வரும் உலகம்" என்ற புத்தகத்தில், ஒரே இடத்திலிருந்து கொண்டு பல இடங்களிலுள்ள மக்களுக்குக் கல்வி கற்பிக்கும் சாதனங்கள் வரும் என்று டெலிவிஷன்கூட நம் நாட்டுக்கு வராத காலத்திலேயே எழுதினார். 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தபோதும், நமது ராஜ்யத்தில் 22 ஆயிரத்துக்கு மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகளுக்கும், ஏறக்குறைய 80 ஆயிரம் ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுப்பதற்கும் 2024-ல் ஏற்பாடு நடந்தபோதும் நாம் சந்தோஷமே அடைந்தோம். இருதயம் எப்படித் துடிக்கிறது, கிரகணம் எப்படிப் பிடிக்கிறது என்பதை ராகுவையும் கேதுவையும் கூப்பிடாமல் ஒரு குக்கிராமத்துப் பிள்ளைக்குப் படமாகக் காட்ட முடியுமானால் அதைவிட நமக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அதே பெரியார் அந்த யந்திரங்களை எந்த உலகத்தில் வைத்துப் பார்த்தார் என்பதைச் சிலர் சௌகரியமாக மறந்து விடுகிறார்கள். மேல் கீழ் இல்லாத, ஒருவன் உழைக்க ஒருவன் உண்ணாத உலகத்தில், மனிதனின் பாட்டைக் குறைப்பதற்காக யந்திரம் வரும் என்றார். மனிதனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு முதலாளி லாபத்தைக் கட்டிக் கொள்வதற்காக என்று அவர் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைச் சிவகாசிக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் யந்திரம் வந்தபோது விரல் தேய்ந்த பெண்களுக்கு ஓய்வும் சம்பளமுமா கிடைத்தது? யந்திரம் முதலாளிக்கும், "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்ற சொல் தொழிலாளிக்கும் கிடைத்தன. குற்றம் யந்திரத்தினுடையதல்ல, அது யார் கையில் இருக்கிறது என்பதிலேதான் இருக்கிறது.

நிற்க, யந்திரமே எல்லாம் அறியும் என்று நம்புகிறவர்களின் யோக்கியதையைச் சற்றுக் கவனிப்போம். ஆயுத பூஜை வந்தால் இந்தத் திறன் பலகைக்கே சந்தனமும் குங்குமமும் பூசிப் பொரிகடலை வைத்துக் கும்பிடுகிறவர்கள் படித்தவர்களிலேயே இருக்கிறார்கள். அது வேலை செய்வது மின்சாரத்தாலா, குங்குமத்தாலா என்று அவர்கள் யோசிப்பதில்லை. இன்னும் ஒரு நல்ல உதாரணம் நமது சிவகாசியிலேயே இருக்கிறது. உலகத்தில் உயர்ந்த ரக அச்சு யந்திரங்களை எல்லாம் வரவழைத்து வைத்திருக்கிற ஊர் அது. அந்த யந்திரங்களில் வருஷா வருஷம் கோடிக்கணக்கில் என்ன அச்சாகிறது? தினக் காலண்டர். அதில் ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம், பல்லி விழும் பலன்! மேல்நாட்டு விஞ்ஞானி மூளையைக் கசக்கிச் செய்த யந்திரம், பல்லி தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நாலு வர்ணத்தில் அழகாக அடித்துத் தள்ளுகிறது. யந்திரத்திற்கு வெட்கமில்லை, கொடுத்ததை அடிக்கும். 2022 முடிவில் வந்த சாட்ஜிபிடி முதலான பேசும் யந்திரங்களும் இந்த ஜாதியைச் சேர்ந்தவைதான். உலகத்தார் எழுதி வைத்த மெய்யையும் பொய்யையும் சேர்த்து விழுங்கிவிட்டு, இரண்டையும் ஒரே தைரியத்துடன் கக்குகின்றன. "இது மெய்யா? எப்படித் தெரியும்? நீயே சோதித்துப் பார்" என்று ஒரு பிள்ளையின் கண்ணைப் பார்த்துக் கேட்க ஒரு மனிதன் வேண்டும். அவனுக்குத்தான் உபாத்தியாயர் என்று பெயர்.

இனி மற்றொரு கூட்டத்தார் இருக்கிறார்கள். இவர்கள், "யந்திரம் வந்து குரு பக்தி கெட்டுவிட்டது, பழைய குருகுலமே மேல்" என்று கண்ணீர் வடிக்கிறார்கள். அந்தக் குருகுலத்தில் நமக்கு எங்கே இடமிருந்தது என்று கேட்கின்றோம். குருவின் வாய்தான் புத்தகம், அந்த வாயும் ஒரு ஜாதிக்கு மட்டுமே திறக்கும் என்று இருந்தது அல்லவா? காட்டுப் பையன் ஏகலைவன் தானாகக் கற்றுக் கொண்டதற்கு அவன் கட்டை விரலைக் காணிக்கையாக வாங்கின குருவைத்தானே இன்னும் பூஜிக்கச் சொல்லுகிறார்கள்? அன்று சிஷ்யனின் கட்டை விரலைக் குரு வாங்கினார். 2019-ல் நமது அரசுப் பள்ளிகளில் வருகைப் பதிவுக்கு விரல்ரேகைப் பெட்டி வைத்தபோது, குருவின் விரலை யந்திரம் வாங்கிற்று! "மாதா பிதா குரு தெய்வம்" என்று சுவரில் எழுதிவிட்டு, அந்தத் தெய்வத்தை நம்பாமல் ரேகை வைக்கச் சொல்லும் தேசம் இது. தெய்வ ஸ்தானம் உபாத்தியாயருக்கு வேண்டாம். மனித ஸ்தானமும் மரியாதையான சம்பளமும் போதும்.

சரி, உபாத்தியாயர் இல்லாமல் யந்திரம் மாத்திரம் பாடம் சொல்லிய காலத்தை நாம் பார்க்கவில்லையா? 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பாடம் செல்போனுக்குள் போயிற்று. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் தகப்பன் வேலைக்குப் போகும்போது அவன் சட்டைப் பையில் போய்விடும். நமது கிராமங்களில் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெட்டி ஒட்டவும் திரி முறுக்கவும் மீண்டும் உட்கார்ந்ததை நாம் நேரில் கண்டோம். நரகாசுரன் செத்தான் என்று ஊரார் வெடிக்கிற வெடிக்கு நமது பிள்ளையின் படிப்பு செத்தது. 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, சிவகாசி வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை இழுத்து வந்து வகுப்பில் உட்கார வைத்தது யார்? பென்ச்சு காலியாயிருந்தால், "முனியம்மாள் ஏன் வரவில்லை?" என்று அவள் தெருவுக்கே போய்க் கேட்பது உபாத்தியாயர்தான். பலகைக்கு அவள் வராததும் தெரியாது, தீபாவளி நெருங்கினால் ஏன் வரமாட்டாள் என்பதும் தெரியாது.

பள்ளிக்கூடம் மூடியதால் வந்த நஷ்டத்தை ஈடு செய்யச் சர்க்கார் 2021-ல் எதை நாடிற்று? இன்னும் பெரிய யந்திரத்தையா? இல்லை. "இல்லம் தேடிக் கல்வி" என்று மனிதர்களைத்தான் தேடிற்று. பெரும்பாலும் பெண்களே முன் வந்தார்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று பேசினார்கள். யந்திரத்துக்குக் கோடி, மனிதனுக்கு ஆயிரம் என்ற கணக்கு இதிலேயே விளங்கவில்லையா? கம்ப்யூட்டர் முதலிய பாடங்களுக்கென்று 2012-ல் 16 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பகுதி நேர ஆசிரியர்களாக எடுத்தபோதும் மாதம் 5,000 ரூபாய்தான். நாளைய காலத்தின் கல்வி என்று மேடையில் பேசுவார்கள், அதைச் சொல்லிக் கொடுப்பவனுக்கு அரைவயிற்றுக் கூலி. தனியார் இங்கிலீஷ் பள்ளிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வகுப்புக்கு ஒரு பளபளப்பான பலகை என்று விளம்பரம் செய்து பீஸ் உயர்த்துகிறார்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கும் பட்டதாரிப் பெண், பட்டாசு ஆலையில் கூலி வாங்கும் தன் அண்ணனைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுவதை நமது பக்கத்தில் தாராளமாகக் காணலாம்.

இவை எல்லாவற்றையும்விட நமது மக்கள் கவனிக்க வேண்டிய பெரிய சூழ்ச்சி ஒன்றிருக்கிறது. 1921-ல் பிறந்து, 1928-ல் எஸ். முத்தையா முதலியார் மந்திரியாயிருந்தபோது அமலுக்கு வந்த வகுப்புவாரி உத்திரவிலிருந்து, இன்றுள்ள 69 சதவிகித ஒதுக்கீடு வரையில், நமது பிள்ளைகள் தலை நிமிர்ந்து நுழைந்த முதல் வாசல் எது? உபாத்தியாயர் வேலையே. தீண்டப்படாதவன் என்று தள்ளப்பட்டவனின் மகள் சாக்பீஸைக் கையில் எடுத்து, மேல்ஜாதிப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பாடம் சொன்னாளே, அது ஆயிரம் பிரசங்கங்களுக்குச் சமானம். ஒரு சர்க்கார் உபாத்தியாயர் வேலை போடப்படும்போது ஒதுக்கீடு உண்டு. அந்த வேலைக்குப் பதிலாக ஒரு கம்பெனியின் பாடப் பெட்டி வாங்கப்படும்போது, அந்தக் கம்பெனியில் ஒதுக்கீடு உண்டா? பட்டணத்தில் ஒரு அறையில் ஒருவர் பேசினதைப் படம் பிடித்து ஆயிரம் பள்ளிகளில் காட்டினால், அந்த ஆயிரம் இடத்தில் நமக்கு வரவேண்டிய 690 எங்கே போயிற்று? குருவின் வாய் மறுபடியும் ஒன்றே ஒன்றாக ஆகிவிடவில்லையா? அது யாருடைய வாயாயிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? அந்தக் கம்பெனிகளின் ஸ்திரத்தையும் பார்த்தோம். 2022-ல் இந்தியாவிலேயே பெரிய கல்விக் கம்பெனி என்று கொண்டாடப்பட்ட பைஜூஸ், 2024-ல் திவால் வழக்கில் போய் நின்றது. விருதுபட்டியில் பிடியரிசி சேர்த்து நடத்திய பள்ளிக்கூடமோ இன்னும் நடக்கிறது. அதில் படித்த காமராசர்தான் 1954-ல் முதன் மந்திரியாகிக் குலக்கல்வித் திட்டத்தை ஒழித்தார்.

நமது ஜில்லா 2017-லும் 2018-லும் பிளஸ் டூ பரீட்சையில் ராஜ்யத்திலேயே முதலாவதாக வந்தது. அதே 2018-ல் இந்தியச் சர்க்கார் வெளியிட்ட பின்தங்கிய ஜில்லாக்களின் பட்டியலிலும் நமது ஜில்லா பெயர் இருந்தது. ஏழை ஜில்லா படிப்பில் முதலாவதாக வந்தது திறன் பலகையாலா? அந்தக் காலத்தில் அநேகம் பள்ளிகளில் பலகை கறுப்பாகத்தானிருந்தது. சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த உபாத்தியாயர்களாலேயே அது நடந்தது.

ஆதலால் தாய் தகப்பன்மாருக்கு நாம் சொல்லுவது இதுதான். உங்கள் பிள்ளைக்கு மனமிருந்தால் உபாத்தியாயர் வேலைக்கே படிக்க வையுங்கள். "பொம்பளைப் பிள்ளைக்கு இது லேசான வேலை, நல்ல மாப்பிள்ளை கிடைப்பான்" என்பதற்காக வேண்டாம். அது லேசான வேலையுமல்ல, கல்யாணச் சரக்குமல்ல. கரும்பலகையில் எழுதிப்போட்டு ஒப்பிக்கச் சொல்லும் உபாத்தியாயரின் வேலை போய்விடும், அது போகட்டும். ஏன், எப்படி என்று கேட்கப் பழக்கும் உபாத்தியாயருக்கு இனிமேல்தான் வேலை. யந்திரத்தைத் திறந்து பார்க்கவும், அது சொல்லும் பொய்யைப் பிடிக்கவும் தெரிந்து கொள்ளட்டும்.

சர்க்காருக்குச் சொல்லுவது: காலி இடங்களை ஒதுக்கீட்டுடன் நிரந்தரமாக நிரப்புங்கள். பலகை வாங்கும் பணத்தை உபாத்தியாயர் சம்பளத்திலிருந்து எடுக்காதீர்கள். புள்ளிவிவரம் தட்டும் வேலைக்கு வேறு ஆள் போட்டு, உபாத்தியாயரைப் பிள்ளைகளிடம் விடுங்கள். பாடப் பெட்டி எதுவானாலும் அதைச் செய்யும் இடத்திலும் நமது உபாத்தியாயர்கள் இருக்க வேண்டும்.

1931-ல் மூன்றாவது சுயமரியாதை மகாநாடு கூடியது இந்த விருதுநகரில்தான். அன்று கூடியவர்கள் கேட்டது மனிதனுக்கு மனிதன் என்ற மரியாதை. இன்று நமது பிள்ளை மருந்து அறைக்குப் போகாமலிருக்க ஒரு வாசல் திறந்திருக்கிறது. யந்திரத்தைக் காட்டி அதைச் சாத்த யார் வந்தாலும் விடலாமா என்பதைத் தோழர்களே யோசித்து முடிவு செய்து கொள்ள வேண்டியது.