ஐந்தாம் வகுப்பில் தாயக்கட்டை

நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒன்றாம் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தால் புளியங்கொட்டையும் மணிச்சட்டமும் வண்ண அட்டைகளும் தரையெங்கும் இறைந்து கிடக்கும். அதே தாழ்வாரத்தின் கோடியில் உள்ள ஐந்தாம் வகுப்பிலோ, கரும்பலகையையும் கைகட்டி உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளையும் தவிர வேறொன்றும் கண்ணில் படுவது அபூர்வம். 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் பிறந்து பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் நான்காம் வகுப்போடு நின்றது. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கிய பிறகே நான்கையும் ஐந்தையும் எட்டியது. விளையாட்டு என்பது சின்னஞ்சிறிசுகளுக்கு உரியது, வயது ஏற ஏற அதைக் கழற்றிவிட வேண்டியதே நியாயம் என்ற அபிப்பிராயம் நம் மனத்தில் வேரூன்றிக் கிடக்கிறது. அது தலைகீழானது என்பதே என் கட்சி.

ஐந்து வயதுக் குழந்தைக்கு ஓட்டமே ஆட்டம். விதியைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஒன்பது, பத்து வயதிலோ, தெருவில் கோலி ஆடும் பிள்ளைகள் ஆடும் நேரத்தில் பாதியை “அது செல்லாது” என்று வாதாடுவதிலேயே கழிப்பதைப் பார்க்கிறோம். சுவிட்சர்லாந்தின் மனோதத்துவ அறிஞர் பியாஜே, சிறுவர்கள் கோலி ஆடும் முறையையே ஆராய்ந்து, 1932-இல் வெளிவந்த தம் நூலில், விதியைக் கூடிப் பேசி வகுக்கவும் அதற்குக் கட்டுப்படவும் வேண்டும் என்ற உணர்வு ஏழெட்டு வயதுக்கு மேல்தான் முதிர்கிறது என்று விளக்கினார். விதியில் ருசி பிறக்கும் அந்தப் பருவத்தில்தான் நாம் ஆட்டத்தைப் பறித்து வைக்கிறோம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பாட்டிமார் ஆடிய தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் உள்ள முகங்களும், வெறுமையான முகம் ஒன்றும் உண்டு. நாற்பது பிள்ளைகளை நால்வர் நால்வராகப் பிரித்து, குழுவுக்கு இருபது முறை உருட்டச் சொல்லி, விழுந்ததைக் குறித்து, இருநூறு உருட்டுகளையும் பலகையில் கூட்டினால், மூன்று என்பது ஐம்பது முறையை ஒட்டி விழுவதையும், இரு கட்டையும் வெறுமை காட்டினால் கிடைக்கும் பன்னிரண்டு பெரும்பாலும் பத்துப் பதினைந்து முறைக்குள் ஒடுங்குவதையும் பிள்ளைகளே காண்பார்கள். ஏன் என்று கேட்டுவிட்டு, உபாத்தியாயர் சற்று மௌனமாக இருக்க வேண்டும். கட்டைகள் விழக்கூடிய வகைகள் பதினாறு. அவற்றில் மூன்று என்பது நான்கு வகையாக வரும், தாயம் எனப்படும் ஒன்று இரண்டு வகையாக வரும், பன்னிரண்டோ ஒரே வகையில்தான் வரும் என்பதை அவர்களே எண்ணிக் கண்டுபிடிப்பார்கள். அரிதாக விழும் ஒன்றுக்கும் ஐந்துக்கும் ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் மறு உருட்டு அளித்து, அடிக்கடி விழும் மூன்றுக்கு ஒன்றும் அளிக்காத நம் முன்னோரின் நுட்பமும் அப்போது விளங்கும்.

தாயம் சூதாட்டமல்லவா என்று ஆக்ஷேபிப்பவர்கள் உண்டு. பந்தயம் வைத்தால்தான் அது சூது. அடுத்த உருட்டில் நினைத்தது விழும் என்று ஆசையால் நம்புவதை விட்டு, எண்ணிப் பார்த்து எதிர்பார்க்கும் பழக்கமே சூதுப் புத்திக்கு மருந்து. அஸ்தினாபுரத்துச் சபையில் குறைவாயிருந்தது அந்த மருந்துதான்.

ஆயினும் எல்லா ஆட்டமும் பாடமாகிவிடாது. கசப்பு மருந்தில் தேன் தடவுவதுபோல, பழைய கேள்வி பதிலையே இரு கட்சியாகப் பிரித்துக் கைதட்டலோடு நடத்துவதால் ஆரவாரம் மிஞ்சுமே தவிர அறிவு மிஞ்சாது. அதிலும் கொடியது, தவறாகச் சொன்ன பிள்ளையை ‘அவுட்’ என்று மூலையில் உட்கார வைப்பது; யாருக்குப் பயிற்சி மிகுதியும் தேவையோ, அந்தக் குழந்தையே முதலில் பயிற்சியை இழக்கிறது. பல்லாங்குழியைப் பாருங்கள்: தோற்றுக்கொண்டிருப்பவளும் தன் முறை வரும்போது முத்துகளை அள்ளி, ஒவ்வொரு குழியாகப் போட்டு, எங்கே முடியும் என்று மனத்துக்குள் கணக்கிட்டே தீர வேண்டும். கணக்கு ஆட்டத்தின் விதிக்குள்ளேயே இருக்கிறது. அதை விட்டு ஆட வழியில்லை.

சத்தம் எழும், பாடத்திட்டம் முடியாது என்பார்கள். சத்தம் எழத்தான் செய்யும். காது கொடுத்துக் கேட்டால் அதில் பாதி கணக்கைப் பற்றிய வாதமாக இருக்கும். வாரத்துக்கு ஒரு பாடவேளை, அதிலும் கடைசிப் பத்து நிமிஷம் கட்டைகளைக் கீழே வைத்துவிட்டுக் கண்டதைப் பேசவும் எழுதவும் ஒதுக்கினால் போதும். அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் ஆட்டம். அதை ஆடப் பிள்ளைகளுக்குத் தெரு இருக்கிறது, உபாத்தியாயர் வேண்டியதில்லை.