கல்லீரல் நிபுணரின் பணி மலை மேலேயே தொடங்கட்டும்

மன்னவனூரிலிருந்தோ கூக்காலிலிருந்தோ வயிற்றில் நீர் கோர்த்து, காய்ச்சலும் மனக்குழப்பமுமாக ஒருவர் கொடைக்கானல் மருத்துவமனைக்கு வந்து சேரவே பாதி நாள் போய்விடலாம். அங்கிருந்து மதுரை ஏறக்குறைய 120 கிலோமீட்டர். வத்தலக்குண்டு அருகே அடிவாரம் வரும்வரை கொண்டை ஊசி வளைவுகள். கல்லீரல் நிபுணரின் பங்கு இந்தப் பயணம் முடிந்த பிறகுதான் தொடங்கும் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். முற்றிய கல்லீரல் நோயில் அந்தப் பழக்கம் உயிரைக் கேட்கிறது. நோயாளி மலையில் இருக்கும்போதே நிபுணரின் முடிவு அவர் படுக்கைக்கு வந்துசேர வேண்டும்.

காரணம், விளைவைத் தீர்மானிக்கும் வேலைகள் பலவும் முதல் சில மணி நேரத்துக்கு உரியவை. வயிற்று நீர்த் தொற்றுள்ளோரைப் பற்றி 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 12 மணி நேரத்துக்குள் நீர் எடுத்துச் சோதிக்கப்பட்டவர்களில் 13 விழுக்காட்டினரும், அதற்குப் பின் சோதிக்கப்பட்டவர்களில் 27 விழுக்காட்டினரும் மருத்துவமனையிலேயே இறந்தனர். நீரில் நியூட்ரோஃபில் அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250ஐத் தாண்டினால் தொற்று உறுதி. செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக்குடன் ஆல்புமினும் சேர்த்துக் கொடுத்தபோது மருத்துவமனை இறப்பு 29இலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்ததை 1999ஆம் ஆண்டின் ஸ்பானிய ஆய்வு காட்டியது. இரத்த வாந்திக்கு 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி தேவை. ஆனால் இரத்தப்போக்கைக் குறைக்கும் டெர்லிபிரெசினையும் ஆன்டிபயாட்டிக்கையும் ஆம்புலன்ஸ் புறப்படும் முன்பே தொடங்கலாம். சுயநினைவு மங்கியவருக்கு மூச்சுப்பாதையைக் காக்காமல் மலையிறக்குவது பெரும் ஆபத்து. எண்டோஸ்கோபியைத் தவிர இவற்றில் எதற்கும் நிபுணரின் கை வேண்டியதில்லை; எதை, எப்போது, எந்த அளவில் என்ற அவரது தெளிவு வேண்டும்.

மறுப்புகள் உண்டு. நிபுணர் ஆலோசனை பெற்றவர்களுக்கு மருத்துவமனை நாட்களும் இறப்பும் குறைந்ததாக 2001இல் வந்த ஆய்வு, குலுக்கல் முறையில் நடந்ததல்ல. தேறக்கூடியவர்களே ஆலோசனைக்குத் தேர்வாகியிருக்கலாம். அதை ஏற்கிறேன். ஆனால் ஆல்புமின் ஆய்வு குலுக்கல் முறையிலேயே நடந்தது. நிபுணர் நினைவூட்ட வேண்டியதும் அத்தகைய சிகிச்சையைத்தான். இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் உயர்ந்திருக்கும்போது, வயிற்று நீர் எடுக்க ஊசி குத்தினால் இரத்தம் கசியுமே என்ற அச்சம் இன்னொன்று. பெரும்பாலோரிடம் அந்த ஆபத்து மிகச் சிறியது. பிளாஸ்மா ஏற்றிவிட்டுத்தான் குத்த வேண்டும் என்பதும் இல்லை. நிபுணர்கள் போதாது என்பதே மூன்றாவது மறுப்பு. போதாததால்தான் அவர்கள் நேரத்தை முதல் அழைப்புக்குச் செலவிடச் சொல்கிறேன்.

பிரிட்டனில் 2014இல் பொது மருத்துவர்களுக்காக வெளியான முதல் 24 மணி நேரச் சரிபார்ப்புப் பட்டியல் நமக்கும் பொருந்தும். அதை மலை மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டுவோம். கல்லீரல் சிறப்புத் துறையில் பணியிலிருக்கும் மருத்துவர் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணையும் அதன் கீழ் எழுதுவோம். மலையிறங்குவதால் பயனில்லை என்ற கட்டத்தில், குடும்பத்தாரிடம் அதை எடுத்துச்சொல்லி வலி தணிக்கும் பொறுப்பும் அந்த அழைப்பில் அடங்கட்டும். பரிந்துரைச் சீட்டில் கையெழுத்திடும் முன் அந்த எண்ணை அழைப்பதே நாம் ஏற்க வேண்டிய முதல் விதி.