வயசுக் கோளாறு யாருக்கு?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் காலை நேரத்தில் படிக்கட்டு முழுக்க மாணவர்கள் தொங்குவார்கள். கண்டக்டர் விசில் ஊதியே ஓய்ந்துபோவார். உள்ளே ஜன்னலோரப் பெரியவர் தலையில் அடித்துக்கொள்வார்: "இதுங்க பெருத்துப்போனா ஊர்ல வெட்டுக்குத்து பெருகாம என்ன செய்யும்?"

இதே புலம்பலுக்குக் கோட்டு மாட்டிவிட்ட பண்டிதர்களும் உண்டு. இளைஞர் விகிதம் கூடிய நாட்டில் கொலையும் கூடுமாம். கொலையாளிகளில் இளம் ஆண்கள் அதிகம் என்பது மெய்தான். அதற்காக, தீப்பிடித்த வீடுகளில் விறகு இருந்தது என்று சொல்லி, விறகுள்ள வீட்டையெல்லாம் எரிகிற வீடு என்பதா?

நம் கணக்கையே பார்க்கலாம். 15 முதல் 29 வயதுக்காரர்கள் 1991-ல் சுமார் 22 கோடி. 2021-ல் சுமார் 37 கோடி. மக்கள்தொகையில் அவர்கள் பங்கு அன்றும் இன்றும் கால்வாசிக்குச் சற்று மேல். கொலை வழக்குகளோ 1992-ல் 40 ஆயிரத்தைத் தொட்டு, 2022-ல் 28,522-க்கு இறங்கின. லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்தால் பாதிக்கும் கீழ். பிரேசில் இந்தியாவைவிட வயதான நாடு; அங்கே கொலை விகிதம் நம்மைப்போலப் பல மடங்கு.

அந்த 28,522-ல் 9,962 கொலைகளுக்குக் காரணம் தகராறு என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நிலம், பணம், குடும்பம் என்று வீட்டுக்கு வீடு இருக்கிற சண்டைதான். மீசை முளைத்தவனும் போடுவான், நரைத்தவனும் போடுவான்.

கடலூர் மாவட்டத்தை உலுக்கிய கொலையையே எடுத்துக்கொள்வோம். முருகேசன், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த தலித் இளைஞர். கண்ணகி, வன்னியர் குடும்பத்துப் பெண். தந்தை ஊராட்சித் தலைவர். 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில், சுடுகாட்டில் வைத்து, கண்ணகி வீட்டார் இருவருக்கும் காதிலும் மூக்கிலும் விஷத்தை ஊற்றினார்கள். பிறகு தனித்தனியாக எரித்தார்கள். எரியும்போதும் சாதி கலந்துவிடக் கூடாதே!

தீர்ப்பு வர 18 ஆண்டுகள் ஆயின. 2021-ல் தண்டனை பெற்ற 13 பேரில் கண்ணகியின் சகோதரர் இருந்தார், தந்தை இருந்தார், வழக்கைத் திரித்த இரண்டு போலீஸ் அதிகாரிகளும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குற்றவாளிகளே என்பதை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. சகோதரருக்கு வேண்டுமானால் வயசுக் கோளாறு என்பார்கள். ஊராட்சித் தலைவருக்கும் காக்கிச் சட்டைக்கும் என்ன கோளாறு என்று அந்த ஜன்னலோரப் பெரியவரைத்தான் கேட்க வேண்டும்.