அட்டைப்படத்துக்கு வராத 45 வயது!

பெண்கள் பத்திரிகை ஒன்றைக் கையில் எடுங்கள். அட்டையில் சிரிப்பவருக்கு என்ன வயது இருக்கும்? பெரும்பாலும் இருபதுகளில்தான். சரி, அதைக் காசு கொடுத்து வாங்கி, சமையல் குறிப்பிலிருந்து ராசிபலன் வரை ஒரு பக்கம் விடாமல் படிப்பவருக்கு? பல வீடுகளில் அவர் நாற்பதைத் தாண்டிய அம்மா.

இந்த இடைவெளியை ஒருமுறை வெளிச்சம்போட்டுக் காட்டியவர், ஹாலிவுட் நடிகை ஜேமி லீ கர்ட்டிஸ். நாற்பதைக் கடந்த பெண்களுக்காகவே 1998-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க இதழ் ‘மோர்’. 2002-ல் அந்த இதழுக்காக, மேக்கப் இல்லாமல், கம்ப்யூட்டர் திருத்தம் இல்லாமல், உள்ளாடையில் நின்று படம் எடுத்துக்கொண்டார் அவர். அப்போது வயது 43. கூடவே வழக்கமான பளபள படமும் வெளியானது. அந்தப் பளபளப்புக்குத் தேவைப்பட்டது 13 பேர், 3 மணி நேரம் என்ற கணக்கும் வாசகர்களுக்குச் சொல்லப்பட்டது.

காலையில் மூன்று டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறவருக்குப் பின்னால் 13 பேர் இல்லை. ஆனாலும், கண்ணாடி முன் நிற்கும்போது ஒப்பிடுவது அந்தப் பளபள படத்தோடுதான்!

பத்திரிகைகள் ஏன் மாறத் தயங்குகின்றன? முக்கியமான காரணம், விளம்பரம். ‘மிஸ்’ இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான குளோரியா ஸ்டைனம், 1990-ல் இதை விரிவாக எழுதினார். சோவியத் பெண்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை அவர்கள் இதழ் அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. அட்டையில் இருந்த பெண்கள் மேக்கப் போடவில்லை என்பதால், பெரிய அழகுசாதன நிறுவனம் ஒன்று விளம்பரம் தர மறுத்துவிட்டதாம். அந்த ஆண்டு முதல் ‘மிஸ்’ விளம்பரமே இல்லாமல் வெளிவரத் தொடங்கியது.

மாற்றங்கள் இல்லாமல் இல்லை. முதுமையை எதிரியாகக் காட்டும் ‘ஆன்ட்டி ஏஜிங்’ என்ற சொல்லை இனி பயன்படுத்த மாட்டோம் என்று 2017-ல் அறிவித்தது ‘அல்யூர்’ இதழ். ஆனால், அந்த அறிவிப்பு வந்த இதழின் அட்டையிலும் நடிகை ஹெலன் மிரன்தான். ‘மோர்’ 2016-லேயே மூடப்பட்டுவிட்டது. வயது கூடினாலும் அட்டையில் இடம் நட்சத்திரங்களுக்குத்தான்.

மகளின் ப்ளஸ் டூ தேர்வும் மாமியாரின் ஆஸ்பத்திரி அலைச்சலும் ஒரே வாரத்தில் வரும் வயது இது. மெனோபாஸ் நேரத்து வியர்வை, தூக்கமின்மை, மூட்டுவலி, தன் பெயரில் சேமிப்பே இல்லாத கவலை... இவற்றைப் பற்றிய கட்டுரைகள் இப்போது வருகின்றன. பக்கத்தில் வைக்கும் படத்தில் மட்டும் ஒரு நரைமுடிகூட இருப்பதில்லை.

நம் தமிழ்ப் பத்திரிகைகளில் அந்தப் பெண்ணுக்கென்று நெடுங்காலமாக ஓர் இடம் உண்டு. மாவு புளிக்காமல் இருக்க, பட்டுப்புடவையில் கறை போக, செலவைச் சுருக்க என்று வாசகிகள் எழுதி அனுப்பும் டிப்ஸ் பக்கம். குறிப்பின் கீழே பெயரும் ஊரும் இருக்கும், முகம் இருக்காது. அந்தப் பெயருக்குரியவரைத் தேடிப்போய் ஒரு படம் எடுக்க, 13 பேர் தேவையில்லை.